வாஷ்பேசின் அடியில தண்ணி ஒழுகுதா? ப்ளம்பருக்கு போன் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பேசினுக்கு அடியில ஒழுகற தண்ணியைப் பத்தி முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும், அது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. டேப்புக்கு வர்ற தண்ணி மாடி டேங்க்லருந்து பிரஷரோட வருது, ஆனா பேசின்லருந்து வெளிய போற தண்ணிக்கு பிரஷர்னு ஒண்ணும் கிடையாது, தன் எடைக்கு தானா கீழ இறங்கிப் போகுது, அவ்ளோதான். அதனால வேஸ்ட் லைன்ல, அதாவது வெளிய போற அந்த வழியில, தண்ணியை அடைக்கறது நட்டோட இறுக்கம் இல்ல, உள்ள இருக்கற ரப்பர் வாஷர். நட்டோட வேலை வாஷரை ஒழுங்கா அமுக்கி உட்கார வைக்கறது மட்டும்தான். இது தெரியாமத்தான் நிறைய பேர் ரிஞ்சை எடுத்து முறுக்கு முறுக்குனு முறுக்கி, நல்லா இருந்த வாஷரையும் நசுக்கி, சில சமயம் பேசினையே விரிசல் விட வெச்சுடறாங்க. இன்னொரு கூட்டம் எம்-சீலை வெளியில அப்பிட்டு போயிடும், அது ஒரு மாசம் தாங்கும், அப்புறம் அதுக்குப் பக்கத்துல இன்னொரு வழி கண்டுபிடிச்சு ஒழுகும், அப்ப அதைத் திறக்கவும் முடியாது.

பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு இதுல கூடுதலா ஒரு தலைவலி இருக்கு, அது உப்புத் தண்ணி. 2007ல மாநகராட்சியோட சேர்த்த 110 கிராமப் பகுதிகளுக்காகவே காவிரி தண்ணி கொண்டு வர்ற ஐந்தாம் கட்டத் திட்டம் போட்டாங்க, அது தொடங்கினது 2024 அக்டோபர்லதான். அதுவரைக்கும் மகாதேவபுரா பக்கமெல்லாம் போர் தண்ணியும் டேங்கர் தண்ணியும்தான் ஓடிச்சு, இன்னமும் நிறைய அபார்ட்மென்ட்ல காவிரியும் போரும் கலந்துதான் வருது. போர் தண்ணியில இருக்கற அந்த உப்பு த்ரெட்ல, அதாவது நட்டு ஏறற சுருள் பள்ளத்துல, படிஞ்சு நட்டை கல்லு மாதிரி பிடிச்சுக்கும், வாஷரும் சீக்கிரம் கெட்டியாகி உயிர் போயிடும். ஊர்ல பதினஞ்சு வருஷம் ஓடின கப்ளிங் (பேசின் ஓட்டையில மாட்டியிருக்கற வாய்க்குழாய்) இங்க அதுல பாதி கூட ஓடாதுன்னு பெரியவங்க புலம்பறதுல நியாயம் இருக்கு.

சரி, வேலைக்கு வருவோம்.

எங்கருந்து ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறது

இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்காதீங்க. தண்ணி கசியற இடம் வேற, சொட்டற இடம் வேற. மேல கப்ளிங் தலைகிட்ட கசிஞ்ச தண்ணி த்ரெட் வழியா இறங்கி, நட்டைச் சுத்தி, அதுக்குக் கீழ கிண்ணம் வெச்ச மாதிரி இருக்கற பாட்டில் ட்ராப் மேல வழிஞ்சு, கடைசியில ட்ராப்போட அடிக்கிண்ணத்துலருந்து சொட்டும். பார்க்கறவங்க ட்ராப்புதான் ரிப்பேர்னு நினைச்சு ஆயிரம் ரூபாய்க்கு மேல குடுத்து புது பித்தளை ட்ராப் வாங்கி மாட்டுவாங்க, ஆனா சொட்டறது மட்டும் நிக்காது.

எப்படிக் கண்டுபிடிக்கணும்னா, முதல்ல அடியில இருக்கற எல்லாத்தையும் பழைய காட்டன் துணியால துடைச்சு நல்லா காய விடுங்க. ஃபேன் போட்டு வெச்சாலும் சரி. காஞ்சதுக்கு அப்புறம் டேப்பைத் திறக்காம ஒரு அரை மணி நேரம் விட்டுட்டு போய் பாருங்க. டேப்பே திறக்கலை, ஆனாலும் ஈரம் வந்திருக்குன்னா இது வேஸ்ட் லைன் பிரச்சினையே இல்ல, சுவத்துல இருக்கற சின்ன வால்வு (ஆங்கிள் காக்) அல்லது அதுலருந்து டேப்புக்குப் போற கனெக்‌ஷன் பைப் ஒழுகுது. அது பிரஷர் லைன், அதுக்கு வைத்தியமே வேற. கனெக்‌ஷன் பைப் ரெண்டு முனையிலயும் உள்ள ஒரு சின்ன வாஷர் இருக்கும், அதை மாத்துங்க, இல்ல பைப்பையே மாத்துங்க, அதோட கதை முடிஞ்சது.

காஞ்சே இருக்குன்னா அடுத்து பேசின் ஓட்டையை ஸ்டாப்பராலயோ ஒரு பாலிதீன் பையைச் சுருட்டியோ அடைச்சுட்டு முக்கால் பேசின் தண்ணி பிடிங்க. விளிம்புக்குக் கொஞ்சம் கீழ சின்னதா ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தா அதுக்குக் கீழ வரைக்கும் மட்டும். பிடிச்ச தண்ணியில உஜாலா நாலஞ்சு சொட்டு விட்டுடுங்க, நீலமா இருந்தா வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல பளிச்சுன்னு தெரியும். இப்ப டிஷ்யூவை மேலருந்து கீழ ஒவ்வொரு ஜாயின்டா ஒத்தி எடுங்க, கண்டிப்பா மேலருந்து கீழதான், கீழருந்து ஆரம்பிச்சா வழிஞ்சு வந்த தண்ணி உங்களை ஏமாத்திடும்.

தண்ணி பேசின்ல நிக்கும்போதே கப்ளிங் நட்டுகிட்ட நீலம் தெரிஞ்சா, கப்ளிங் தலைக்கு அடியில இருக்கற சீல் போயிருக்கு. அடைப்பைத் திறந்து விட்டப்ப மட்டும் தெரிஞ்சா அதுக்குக் கீழ இருக்கற ஜாயின்ட், இல்லன்னா ட்ராப், இல்லன்னா பைப். ரெண்டுலயும் தெரியலைன்னா திரும்ப அடைச்சு ஓவர்ஃப்ளோ ஓட்டை வரைக்கும் நிரப்புங்க, அப்ப மட்டும் தெரிஞ்சா பிரச்சினை ஓவர்ஃப்ளோ வழியில. ட்ராப் வரைக்கும் எல்லாம் காஞ்சே இருக்கு, ஆனா சுவத்துல டைல்ஸ்கிட்ட ஈரம்னா பைப் சுவத்துக்குள்ள போற இடத்துல கோளாறு. இந்த நாலுல உங்களுது எதுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் கடைக்குப் போனாப் போதும்.

பேசினோட அடிப்பக்கத்தையும் ஒரு தடவை டார்ச் அடிச்சு பாருங்க. தலைமுடி மாதிரி மெல்லிசா ஒரு கோடு தெரிஞ்சு அதுல நீலம் ஊறியிருந்தா பீங்கான் விரிஞ்சிருக்கு, அதுக்கு எந்த வாஷரும் உதவாது, பேசினைத்தான் மாத்தணும்.

என்னென்ன வேணும்

ஒரு பக்கெட், பழைய துணி, டார்ச், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் அல்லது வாட்டர் பம்ப் ப்ளையர், பெரிய ஸ்க்ரூடிரைவர், பழைய டூத்பிரஷ், பிளேடு, டெஃப்லான் டேப் (த்ரெட்ல சுத்தற மெல்லிசு வெள்ளை டேப்), சிலிகான் சீலன்ட் ஒரு சின்ன ட்யூப். கையுறை இருந்தா நல்லது, உள்ள இருக்கறது பார்க்க சகிக்காது.

ஸ்பேர் பார்ட்ஸை முன்னாடியே வாங்கி வெச்சுக்காதீங்க. கழட்டின பழைய பார்ட்டை ஒரு கவர்ல போட்டு அப்படியே கடைக்கு எடுத்துட்டு போங்க. வாஷ்பேசின் கப்ளிங் பொதுவா 32 மில்லி, கடையில ஒண்ணேகால் இன்ச்னு கேக்கணும். கிச்சன் சிங்க் கப்ளிங் அதைவிடப் பெருசு, வேஸ்ட் கப்ளிங்னு மொட்டையா கேட்டா கடைப்பையன் எதையாவது தூக்கிக் குடுத்துடுவான். அல்சூர், ஸ்ரீராம்புரம், லிங்கராஜபுரம் பக்கம்னா ஹார்ட்வேர் கடையில தமிழ்லயே பேசிக்கலாம், மத்த ஏரியாலயும் கையில பழைய பார்ட் இருந்தா மொழியே தேவையில்ல.

உங்க பேசின்ல ஓவர்ஃப்ளோ ஓட்டை இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க, இது ரொம்ப முக்கியம். முன்பக்கமோ பின்பக்கமோ விளிம்புக்குக் கொஞ்சம் கீழ சின்னதா ஒரு துளை இருந்தா, கப்ளிங் உடம்புலயும் பக்கவாட்டுல வெட்டு இருக்கணும், அந்த வழியா வர்ற தண்ணி உள்ள இறங்கறதுக்கு. துளை இல்லாத பேசினுக்கு வெட்டு இல்லாத கப்ளிங். மாத்திப் போட்டா என்ன ஆகும்னா, துளை இருக்கற பேசினுக்கு வெட்டில்லாதது போட்டீங்கன்னா ஓவர்ஃப்ளோ தண்ணி போக வழியில்லாம பீங்கானுக்குள்ளயே தேங்கி நாறும். உல்டாவா போட்டீங்கன்னா, அந்த வெட்டு பீங்கானுக்குக் கீழ வரைக்கும் இறங்கியிருந்தா அது வழியாவே தண்ணி நேரா தரையில கொட்டும்.

கழட்டறது

ஆங்கிள் காக்கை மூடுங்க. வேஸ்ட் லைன் வேலைக்கு எதுக்கு இதுன்னு கேப்பீங்க. நீங்க அடியில மல்லாக்கப் படுத்திருக்கும்போது வீட்ல யாராவது வந்து பழக்கதோஷத்துல கை கழுவ டேப்பைத் திறப்பாங்க, அதுக்குத்தான். டேப் மேல ஒரு துணியையும் கட்டி விட்டுடுங்க.

பக்கெட்டை அடியில வெச்சுட்டு, பாட்டில் ட்ராப் இருந்தா அதோட அடிக்கிண்ணத்தை முதல்ல கழட்டுங்க. கையாலயே வரும், வரலைன்னா துணியைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு சுத்துங்க, பித்தளை மேல பூச்சு இருந்தா ப்ளையர் நேரடியா பட்டா கீறிடும். எந்தப் பக்கம் சுத்தணும்ங்கறதுல நிறைய பேர் குழம்பிப் போறாங்க. கீழ படுத்து மேல பார்க்கற மாதிரி இருந்தா எல்லா நட்டும் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தினா லூஸ் ஆகும். நின்னுக்கிட்டு குனிஞ்சு கையை மட்டும் உள்ள விட்டு சுத்தினா மனசுக்குள்ள திசை உல்டா ஆயிடும், லூஸ் பண்றதா நினைச்சு டைட் பண்ணிக்கிட்டு இருப்பீங்க. ஒரு தடவையாவது கீழ தலையை விட்டு பார்த்துட்டு சுத்துங்க.

கிண்ணத்துல இருக்கற கறுப்புத் தண்ணியை, தயவுசெஞ்சு, அதே பேசின்ல ஊத்தாதீங்க. சிரிக்காதீங்க, கை தானா அங்கதான் போகும். டாய்லெட்ல ஊத்திடுங்க.

இன்னொரு எச்சரிக்கை. ஒழுகறதோட அடைப்பும் இருந்து, அதுக்காக நேத்தோ இன்னிக்கோ ட்ரெயினேஜ் கிளீனர் பவுடர் போட்டிருந்தீங்கன்னா, அது இன்னும் ட்ராப்ல தேங்கிக் கிடக்கும், அது காஸ்டிக் சோடா, தோலைப் பொத்துப் போக வெச்சுடும். நிறைய தண்ணி விட்டு அலசிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுட்டு தொடுங்க. ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊத்தற வேலை எந்தக் காலத்துலயும் வேண்டாம், அதுலருந்து குளோரின் வாயு வரும், நம்ம பாத்ரூம் சைஸுக்கு அது உயிருக்கே ஆபத்து.

அடுத்து ட்ராப்பைக் கப்ளிங்கோட பிடிச்சிருக்கற நட்டைக் கழட்டி, சுவத்துக்குள்ள போற பைப்பையும் மெல்ல ஆட்டி வெளிய இழுங்க. இழுத்ததும் சுவத்து ஓட்டையில ஒரு துணியைத் திணிச்சுடுங்க, இல்லன்னா நாத்தமும் வரும், கரப்பானும் வரும்.

ட்ராப்ல மட்டும்தான் கசிவுன்னா இதுக்கு மேல கழட்ட வேண்டாம். கப்ளிங்லதான் பிரச்சினைன்னா, பேசினுக்கு நேர் அடியில இருக்கற பெரிய செக் நட்டைக் கழட்டணும், இந்த வேலையில உண்மையிலேயே கஷ்டமான இடம் இதுதான். நட்டைச் சுத்தினா கப்ளிங்கும் சேர்ந்து சுத்தும். மேல பேசினுக்குள்ள கப்ளிங் வாயில குறுக்குக் கம்பி இருக்கும், அதுல ஸ்க்ரூடிரைவரையோ ப்ளையரோட ரெண்டு கைப்பிடியையோ நுழைச்சு இன்னொருத்தரை அசையாம பிடிச்சுக்கச் சொல்லுங்க. நட்டு உப்புப் பிடிச்சு அசையலைன்னா வினிகர்ல நனைச்ச துணியைச் சுத்தி ராத்திரி முழுக்க விடுங்க, உப்பு இளகும். டபிள்யூடி-40 அடிச்சும் விடலாம். அதுக்கும் அசையலைன்னா ஹேக்ஸா பிளேடால நட்டை மேலருந்து கீழ நேரா அறுத்து, வெட்டுல ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினா நட்டு பிளந்துக்கும். எப்படியும் புதுசு போடப்போறோம், கப்ளிங் வெட்டுப்பட்டா பரவாயில்ல, பிளேடு பீங்கான்ல மட்டும் படக்கூடாது. சுத்தியலால தட்டற யோசனை வந்தா சுத்தியலை வேற ரூம்ல வெச்சுட்டு வாங்க.

கப்ளிங் மாட்டறது

பழைய சிலிகான், வெள்ளை சிமென்ட், பாசி எல்லாத்தையும் பீங்கான்லருந்து மேலயும் கீழயும் பிளேடால சுரண்டி, துடைச்சு, காய வைங்க. இதுல சோம்பேறித்தனம் பட்டா மொத்த வேலையும் வீண், சிலிகான் ஈரத்துலயும் பழைய சிலிகான் மேலயும் பிடிக்காது. நம்ம மேஸ்திரிங்க நிறைய பேர் கப்ளிங் தலைக்கு அடியில வெள்ளை சிமென்ட் வெச்சு உட்கார வைப்பாங்க, அது காலப்போக்குல கரைஞ்சு உதிரும், அடுத்த தடவை கழட்டறதும் கஷ்டம், எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

மேலருந்து கீழ வரிசை இதுதான். கப்ளிங் தலை, அதுக்கு அடியில மெல்லிசு வாஷர் அல்லது சிலிகான், அப்புறம் பேசின் பீங்கான், அதுக்குக் கீழ தடிமனான ரப்பர் வாஷர், அதுக்குக் கீழ ஒரு வழுக்கற பிளாஸ்டிக் இல்லன்னா மெட்டல் வாஷர், கடைசியா செக் நட்டு. அந்த வழுக்கற வாஷர் சும்மா அலங்காரத்துக்கு இல்ல. அது இல்லன்னா நட்டைச் சுத்தும்போது ரப்பரும் கூடவே முறுக்கிக்கிட்டு ஒரு பக்கம் பிதுங்கிடும். பாக்கெட்ல வரலைன்னா கடையில தனியா கேட்டு வாங்குங்க.

இப்ப ஓவர்ஃப்ளோ இருக்கற பேசின்ல எல்லாரும் கோட்டை விடற விஷயம் ஒண்ணு சொல்றேன். ஓவர்ஃப்ளோ வழியா வர்ற தண்ணி பீங்கானோட ரெண்டு அடுக்குக்கு நடுவுல இறங்கி, கப்ளிங்கோட வெளிப்பக்கத்தைத் தொட்டுட்டுத்தான் வெட்டு வழியா உள்ள போகும். அதாவது த்ரெட்டுக்கு வெளியிலயே தண்ணி நிக்குது. அடி வாஷர் பீங்கானை நல்லா அடைச்சாலும், த்ரெட் ஒரு சுருள்பாதை இல்லையா, அந்தச் சுருள் வழியாவே தண்ணி சுத்திச் சுத்தி இறங்கி நட்டுக்குக் கீழ வந்து சொட்டும். மேல எத்தனை சிலிகான் பூசினாலும் இது நிக்காது. நட்டை இன்னும் இறுக்கினாலும் நிக்காது. அடி வாஷர் உட்காரப்போற இடத்துல த்ரெட் மேல டெஃப்லான் டேப்பை அஞ்சாறு சுத்து சுத்தி, அதுக்கு மேல சிலிகான் கொஞ்சம் தடவி, அப்புறம் வாஷரை ஏத்தினாத்தான் அந்தப் பாதை அடைபடும். டேப்பை சுத்தும்போது த்ரெட்டோட முனை உங்களைப் பார்க்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு கடிகாரப் பக்கமா சுத்துங்க, மாத்தி சுத்தினா நட்டு ஏறும்போது டேப் பிரிஞ்சு வந்துடும். வெட்டு மேல டேப்பும் சிலிகானும் படவே கூடாது, வெட்டு அடைஞ்சா ஓவர்ஃப்ளோ இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தலைக்கு அடியில பென்சில் தடிமனுக்கு ஒரு வளையம் சிலிகான் வெச்சு கப்ளிங்கை இறக்கி, அமுக்கி, கீழருந்து தடி வாஷர், வழுக்கு வாஷர், நட்டு ஏத்துங்க. பாக்கெட்ல மேலுக்கு வாஷர் குடுத்திருந்தா வாஷர் மட்டும் போட்டாலும் போதும், ரெண்டையும் சேர்த்துப் போட்டா சில நேரம் வாஷர் வழுக்கி வெளிய பிதுங்கும். கையால முழுசா இறுக்கினதுக்கு அப்புறம் ஸ்பேனரால கால் சுத்து, மிஞ்சிப் போனா அரைச் சுத்து. அவ்ளோதான். பீங்கான் முன்னறிவிப்பு குடுக்காது, டப்புனு விரிஞ்சுடும்.

வெளிய பிதுங்கின சிலிகானை ஈர விரலால வழிச்சுடுங்க. 24 மணி நேரம் அந்தப் பேசினைத் தொடக்கூடாது. ஒரே பாத்ரூம் இருக்கற வீட்ல இது சண்டைக்கு வழி, அதனால சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்கறது உத்தமம், ஞாயித்துக்கிழமை எல்லாரும் பக்கெட்டும் மக்கும் வெச்சு சமாளிச்சுக்கலாம்.

பாட்டில் ட்ராப்

இதுல கழட்டினதும் டூத்பிரஷ் போட்டு முடி, சோப்புக் கட்டி எல்லாத்தையும் எடுத்து சுத்தம் பண்ணிட்டு ஓ-ரிங்கைப் பாருங்க. கிண்ணத்தோட வாயில ஒரு வட்ட ரப்பர் இருக்கும், அது தட்டையாகியோ வெடிச்சோ இருந்தா அதை மட்டும் மாத்தினாப் போதும், பத்து இருபது ரூபாய் விஷயம். அதே சைஸ்தான் வேணும், கிட்டத்தட்ட சரியா இருக்குன்னு போடாதீங்க. ரப்பர் நல்லா இருந்தா அழுக்கைத் துடைச்சுட்டு ஒரு துளி சிலிகான் கிரீஸ் தடவித் திரும்பப் போடலாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகி தூசியும் முடியும் ஒட்டிக்கும்.

இந்த ஜாயின்ட்டுக்கெல்லாம் டெஃப்லான் டேப் தேவையில்ல. இங்க அடைக்கறது ஓ-ரிங், த்ரெட் இல்ல. டேப்பைச் சுத்தினா நட்டு முழுசா ஏறாம நின்னு, ஓ-ரிங் சரியா அமுங்காம இன்னும் ஒழுகத்தான் செய்யும். இதை ப்ளம்பருங்களே சிலர் பண்றாங்க.

ட்ராப்லருந்து சுவத்துக்குப் போற பைப்ல கூம்பு மாதிரி ஒரு வாஷர் இருந்தா, அதோட ஒடுங்கின பக்கம் ட்ராப்பைப் பார்த்து இருக்கணும், திருப்பிப் போட்டா எத்தனை இறுக்கினாலும் சொட்டும். பைப் சுவத்தைப் பார்த்து லேசா இறங்கற மாதிரி இருக்கட்டும். கிண்ணத்தையும் நட்டையும் கையால மட்டும் இறுக்குங்க, ஸ்பேனர் எதுக்கும் வேண்டாம், அதுவும் பிவிசி ட்ராப்னா நிச்சயமா வேண்டாம், த்ரெட் வழிச்சுக்கிட்டு போயிடும்.

ட்ராப் எதுக்கு இருக்குன்னே தெரியாம அதைத் தூக்கிப் போட்டுட்டு நேரா பைப்பை சொருகிடறவங்களும் உண்டு. அந்தக் கிண்ணத்துல எப்பவும் நிக்கற தண்ணிதான் சாக்கடை நாத்தத்தையும் கரப்பானையும் மேல வரவிடாம தடுக்குது. பொங்கலுக்கோ பசங்க லீவுக்கோ வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போய் வாரக்கணக்குல கழிச்சு வந்தா பாத்ரூம் நாறுது இல்லையா, அது அந்தத் தண்ணி காஞ்சு போனதாலதான், டேப்பை ஒரு நிமிஷம் திறந்து விட்டா சரியாயிடும். பழைய வீடுகள்ல பேசின் பைப் நேரா தரையில இருக்கற ஜாலிக்குள்ள (ஓட்டை போட்ட மூடிக்குள்ள) இறங்கும், அங்க தரைக்கு அடியிலேயே நஹானி ட்ராப்னு ஒரு தரை ட்ராப் இருக்கும், அதனால பேசின்ல தனியா ட்ராப் இல்லன்னாலும் குத்தமில்ல.

சுருள் பைப்பா இருந்தா

வாடகை வீடுகள்ல முக்கால்வாசி இதுதான், வெள்ளை கலர்ல மடிப்பு மடிப்பா வளையற பிவிசி பைப். இதை ரிப்பேர் பண்றதுல நேரத்தைச் செலவழிக்காதீங்க. மடிப்புல ஒரு இடத்துல விரிசல் விட்டா அடுத்த மடிப்பும் சீக்கிரமே விடும், கீசர் வெந்நீர் பட்டுப் பட்டு மொத்தமும் மொறுமொறுன்னு ஆகியிருக்கும், கிரவுண்ட் ஃப்ளோர்னா எலி கடிச்சதாவும் இருக்கலாம். சாதா பைப் நூறு ரூபாய்க்குள்ளயே கிடைக்கும், மாத்திடுங்க.

மாத்தும்போது அதோட தலையில இருக்கற நட்டுக்குள்ள வாஷர் இருக்கான்னு கட்டாயம் பாருங்க, கடையில தொங்கிக்கிட்டு இருக்கும்போதே பல பைப்புல வாஷர் விழுந்து போயிருக்கும். நட்டு த்ரெட்ல கோணலா ஏறாம இருக்க, முதல்ல எதிர்ப்பக்கமா கொஞ்சம் சுத்தினா டக்குனு ஒரு இடத்துல உட்காரும், அங்கருந்து இறுக்க ஆரம்பிங்க. பைப் ரொம்ப நீளமா இருந்து நடுவுல தொங்கினா முடியும் சோப்பும் அங்க தேங்கி அடைச்சுக்கும், அளவா வெட்டிடுங்க.

சுவத்துகிட்ட ஈரம்

சுவத்துல இருக்கற ஓட்டை பெருசு, நம்ம பைப் சின்னது, நடுவுல இருக்கற இடைவெளியை அடைக்க ஒரு ரப்பர் வளையம் போடணும். பல வீட்ல அது இருக்கவே இருக்காது, மேல ஒரு ஸ்டீல் தட்டை வெச்சு மறைச்சிருப்பாங்க. தண்ணி வேகமா போகும்போது எதிர்த்து அடிச்சு அந்த இடைவெளி வழியா டைல்ஸுக்குப் பின்னாடி இறங்கும். இதுதான் எல்லாத்தையும் விட மோசம், ஏன்னா நம்ம கண்ணுக்குத் தெரியாது, கீழ் வீட்டுக்காரங்க சீலிங்ல பெயின்ட் உப்பி வந்து அவங்க கதவைத் தட்டினாத்தான் தெரியும்.

ஓட்டையோட உள்விட்டத்தை அளந்து, அதுக்கும் உங்க பைப்புக்கும் பொருந்தற ரப்பர் வளையம் வாங்கி நுழைங்க. பைப் குறைஞ்சது ரெண்டு இன்ச்சாவது உள்ள போகணும், ஆனா உள்ள இருக்கற பைப் வளைவுல போய் முட்டற அளவுக்குத் தள்ளாதீங்க, முட்டினா தண்ணி மெதுவா போகும், பேசின்ல தேங்கும். ரப்பர் கிடைக்கலைன்னா சுத்தி சிலிகான் போடலாம், இங்க சிலிகானுக்கு நான் ஓகே சொல்வேன். சிமென்ட் வெச்சுப் பூசினா அடுத்த தடவை டைல்ஸோடதான் பேத்து எடுக்கணும்.

எம்-சீலுக்கு இடமே இல்லையான்னா, இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி கடையெல்லாம் மூடியாச்சு, பிவிசி ட்ராப் உடம்புல ஒரு சின்ன விரிசல், காலைல வரைக்கும் ஓட்டணும்னா போடலாம். ரெண்டு களிம்பையும் சரிபாதி எடுத்து கலர் ஒண்ணாகிற வரைக்கும் பிசைஞ்சு, காஞ்ச இடத்துல, மேற்பரப்பைக் கொஞ்சம் சுரண்டி விட்டு அமுக்குங்க. நட்டு மேல மட்டும் வேண்டவே வேண்டாம்.

சோதிச்சு பார்க்கறது

சிலிகான் காஞ்சதும் திரும்ப எல்லாத்தையும் துடைச்சு, அடியில ஒரு நியூஸ் பேப்பரை விரிச்சுட்டு, முதல்ல மெல்லிசா டேப்பைத் திறங்க. அப்புறம் பேசினை நிரப்பி ஓவர்ஃப்ளோ வழியா கொஞ்ச நேரம் ஓட விடுங்க. அப்புறம் மொத்தமா அடைப்பை எடுத்து விடுங்க, ஒரே நேரத்துல இவ்ளோ தண்ணி இறங்கும்போதுதான் எந்த ஜாயின்ட் பலவீனம்னு வெளிய தெரியும். அப்புறம் கீசர் வெந்நீரையும் ஒரு தடவை விட்டு பாருங்க, சூட்டுல பிளாஸ்டிக் கொஞ்சம் விரியும், குளிர்ந்த தண்ணியில நல்லா இருந்த நட்டு அப்ப சொட்டலாம். சொட்டினா கையால இன்னும் கொஞ்சம். அதுக்கும் நிக்கலைன்னா இறுக்கிக்கிட்டே போகாம கழட்டி வாஷர் நேரா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் மடங்கியோ கோணலாவோ இருக்கும். நியூஸ் பேப்பரை ராத்திரி அப்படியே விட்டுட்டு காலைல யாரும் முகம் கழுவறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

எப்ப கையை வைக்கக்கூடாது

ஃபுல் பெடஸ்டல் பேசின்ல, அதாவது அடியில தரை வரைக்கும் பீங்கான் தூண் இருக்கற பேசின்ல, கை நுழையற அளவுக்குக் கூட பின்பக்கம் இடமில்லன்னா, பெடஸ்டலை நகர்த்தாம வேலை நடக்காது. பேசின் சுவத்து போல்ட்டுல சரியா நிக்குதா இல்ல பெடஸ்டல் மேல வெறுமனே உட்கார்ந்திருக்கான்னு தெரியாம இழுத்தா மொத்தமும் கால்ல விழும், அதுக்கு ஆளைக் கூப்பிடுங்க. சுவத்துக்குள்ள இருக்கற பைப்பே ஒழுகுதுன்னா, அதாவது ரப்பர் வளையம் போட்டு சிலிகானும் வெச்சும் டைல்ஸ் ஓரம் ஈரம் காயலைன்னா, அது நம்ம வேலை இல்ல, ஓனர் வேலை.

வாடகை வீடுன்னா ஒரு விஷயம். வாஷர், சுருள் பைப் மாதிரி சில்லறை வேலைக்கு ஓனரைக் கேக்க வேண்டியதில்ல, ஆனா கப்ளிங்கோ ட்ராப்போ மாத்தறதுன்னா வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்து கடை பில்லோட வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. கழட்டின பழைய பித்தளை ட்ராப்பைத் தூக்கிப் போடாம ஒரு கவர்ல கட்டி லாஃப்ட்ல வைங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பெயின்டிங் காசு பிடிக்கறதோட, பித்தளை இருந்த இடத்துல பிளாஸ்டிக் இருக்குன்னு அதுக்கும் சேர்த்துப் பிடிப்பாங்க, அப்ப எடுத்துக் காட்ட ஏதாவது கையில இருக்கணும்.